தட்டை மூக்குக் குண்டு

அத்தானுக்கு எதைக் கையில் எடுத்தாலும் முதலில் அதன் நுனியைப் பார்க்க வேண்டும். பென்சிலைக் கொடுத்தால் எழுதிப் பார்க்க மாட்டார். கண்ணுக்கு நேரே பிடித்து முனையை உருட்டி உருட்டிப் பார்ப்பார். ஊசி வாங்கினால் கடைக்காரர் முன்னாலேயே பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு ஊசியைத் திருப்பிக் கொடுப்பார். என் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று, வைத்த பஜ்ஜியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தவரிடம், "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று அவருடைய பெரியப்பா கேட்டார். "மூக்கு எடுப்பா இருக்கு" என்று மட்டும் சொன்னார். அதைச் சொல்லிச் சொல்லி எங்கள் வீட்டில் எத்தனையோ வருஷம் சிரித்தோம். மூக்கைப் பார்த்துக் கட்டினவர் என்றே அவருக்குப் பெயர் வைத்திருந்தோம்.

இப்போது அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச்செடுத்தால் அக்கா எழுந்து போய்விடுவாள். அதனால்தான் எழுதுகிறேன். அக்கா ராசிபலனைத் தவிர வேறெதையும் படிக்கிறவள் இல்லை என்ற தைரியமும் ஒரு காரணம். அவரைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல நான் உட்காரவில்லை. நான் மட்டும் யோக்கியன் என்று காட்டிக்கொள்ளவும் உட்காரவில்லை.

அவர் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். காலையில் பெண்கள் வேனில் வந்து இறங்கும்போது கேட்டில் அவர்தான் நிற்பார். கொலுசு, கண்ணாடி வளையல், செல்போன், நைலான் சேலை எதுவும் உள்ளே போகக் கூடாது. முக்கியமாகக் கொண்டை ஊசி. இரும்பு நுனி தரையில் உரசினால் போதும், சிந்திக் கிடக்கிற வெடிமருந்து பிடித்துக்கொள்ளும். பெண்களின் தலைமுடிக்குள் கையை விட முடியாது என்பதால் அதற்கென்று ஓர் அம்மாவைப் பக்கத்தில் வைத்திருந்தார். அந்த அம்மா தடவிப் பார்த்துவிட்டு "இல்ல சார்" என்றாலும் இவர் தள்ளி நின்று ஒருமுறை கூர்ந்து பார்ப்பார். எத்தனையோ தடவை இவர் கண்ணுக்குத்தான் ஊசி தெரிந்திருக்கிறது.

ஒருநாள் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு பெண் ஊசியை மறைத்து வைத்துக்கொண்டு ரூம் வாசல் வரைக்கும் போய்விட்டாள். உடம்பில் ஏறியிருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக, வாசலில் பதித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் குனிந்து தொட்டபோது ஊசியின் நுனி வெயிலில் மின்னியிருக்கிறது. அங்கிருந்தே கத்தி அவளை நிறுத்திவிட்டார்.

"ஒரு ஊசிக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமா சார்? வேனும் போயிருச்சு. நான் இனிமே எங்கன போக?" என்று அவள் அழுதாளாம்.

"அது கீழ விழுந்து ஒருத்தி கால்ல மிதிபட்டா, ரூமுக்குள்ள இருக்குற நாலு பேரும் எங்கன போவாகனு ஒனக்குத் தெரியுமா?" என்றாராம் இவர்.

அன்று முழுவதும் அவளை வேப்பமரத்தடியிலேயே உட்கார வைத்துவிட்டார். மத்தியானம் தன்னுடைய தூக்குவாளிச் சோற்றில் பாதியை அவளுக்குக் கொடுத்தனுப்பினார். இந்தக் கதையை எனக்குச் சொன்னது அத்தான் இல்லை. அந்தப் பெண்ணே ஒருநாள் பஸ்ஸில் வரும்போது சொன்னாள். "அந்த மனுசன் இருக்குற கம்பெனினா எங்க வீட்ல கவலையில்லாம அனுப்புவாக" என்றாள். பொய்யில்லை. எங்கள் பக்கம் சீசன் வந்தால் ஏதாவது ஒரு கம்பெனியில் ஏதாவது ஒரு ரூம் வெடித்துப் போய்விடும். அவர் பார்த்த ரூம்களில் அத்தனை வருஷமும் ஒரு பொறிகூடப் பறந்ததில்லை.

வீட்டிலும் அதே கட்டுதிட்டம்தான். சாயங்காலம் வந்ததும் நேராகக் கொல்லைப்புறம் போவார். கம்பெனி உடுப்புக்குத் தனி வாளி. அக்கா அதைத் தொடக் கூடாது, அவரே அலசிக் காயப்போடுவார். நகக்கண் வரை தேய்த்துக் குளித்து, வேறு வேட்டி கட்டிய பிறகுதான் வீட்டுக்குள் வருவார். "மருந்து வாசப்படி தாண்டக் கூடாது" என்பார். பாப்பா நடக்கத் தொடங்கிய புதிதில் அப்பாவைக் கண்டதும் கையை நீட்டிக்கொண்டு கொல்லைக்கு ஓடிவரும். இவர் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றி ஓடுவார். "புடிங்க, பாப்பாவப் புடிங்க! தொட்டுறப் போகுது!" என்று கத்துவார். எத்தனை கட்டுப்பாடான மனுஷன் என்று நான் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மருந்தோடு அவ்வளவு ஜாக்கிரதையாக இருந்தவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்குதான் இருந்தது. காற்றுத் துப்பாக்கி.

மல்லாங்கிணறு பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் மானாவாரி நிலம் உண்டு. மக்காச்சோளம் அறுத்து முடித்த பிறகு காடு வெறுமனே கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் போவோம். குருவி, காக்கா எதையும் சுட மாட்டார். மயில் பத்தடி தூரத்தில் வந்து நின்றாலும் துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார். ஊர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அவருக்கு வேண்டியதெல்லாம் ஒன்றே ஒன்று. ஐம்பது தப்படி தூரத்தில் கரையில் ஒரு தாளைக் குத்தி வைத்துப் பத்துக் குண்டு சுட வேண்டும். பத்தும் ஒரே ஓட்டை வழியாகப் போக வேண்டும்.

தாள் என் பொறுப்பு. நான் சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில் காலண்டர் பிரிவில் வேலை பார்க்கிறேன். கழிவுத் தாளுக்குப் பஞ்சமில்லை. முதல் தடவை ஒரு கட்டு அட்டை கொண்டுபோனேன். அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, முருகனச் சுடச் சொல்றியா?" என்றார். திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைச் சுடலாமே என்றேன். "எந்தப் பக்கம் சுட்டாலும் குண்டு அவருக்குள்ளதான போகும்?" என்றார். அதற்கப்புறம் தினசரி காலண்டரின் தேதித் தாள்களை மட்டும் கொண்டுபோனேன். அவருக்கு எட்டாம் தேதி என்றால் உயிர். "எட்டுக்குள்ள ரெண்டு வட்டம் இருக்கு. மேல் வட்டம் ஒனக்கு, கீழ் வட்டம் எனக்கு" என்பார்.

கடையில் விற்கிற குண்டு அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரே டப்பாவில் ஒன்றின் மூக்கு ஒரு மாதிரியும் இன்னொன்றின் மூக்கு வேறு மாதிரியும் இருக்கிறதாம். குண்டின் முன்பக்க நுனியைத்தான் மூக்கு என்பார். லேத் பட்டறை வைத்திருந்த ஒரு சிநேகிதரிடம் சொல்லி அச்சு ஒன்று செய்துகொண்டார். ஈயத் துண்டை அச்சுக்குள் போட்டு, கையால் இழுக்கிற சின்ன பிரஸ்ஸில் வைத்து அழுத்தினால் குண்டு வெளியே வரும். மூக்கு எந்த வடிவத்தில் வேண்டுமோ அதற்கேற்ற அழுத்துகம்பியை, அதாவது பஞ்ச்சை, மாற்றிக்கொள்ளலாம். கூர் மூக்கு, உருண்டை மூக்கு, தட்டை மூக்கு என்று மூன்று பஞ்ச்.

இந்த மூன்றில் எது சிறந்தது என்பதில் அவருடைய இரண்டு வருஷம் போனது. சோற்றில் கை வைத்துக்கொண்டே பேசுவார். "கூர் மூக்கு காத்தக் கிழிச்சுட்டுப் போகும்னுதான எல்லாரும் நினைப்போம்? ஆனா அந்த நுனி ஒரு மயிரிழை கோணிப்போச்சுனா குண்டு அந்தப் பக்கமே போயிரும் மாப்ள. ஒரு டப்பா குண்டுல எத்தனை நுனி கோணாம இருக்கும்?" உருண்டை மூக்கு தாளைப் பிய்த்துவிடுகிறது, எங்கே பட்டது என்றே தெரியவில்லை என்பார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டை மூக்கில் சுட்டார். தாளில் பஞ்ச் அடித்தது போல வட்டம் விழுந்தது. ஏழு குண்டு கிட்டத்தட்ட ஒரே ஓட்டையில் போயிருந்தன. அந்தத் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, திரும்பி வரும் வழியெல்லாம் பெரிய உத்தியோகம் கிடைத்தவர் போல வந்தார்.

ஈயம் கொடுத்தது நான். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. எங்கள் அச்சகத்தின் பின்கட்டில் பழைய ஈய எழுத்துகள் சாக்கு சாக்காகக் கிடந்தன. முதலில் அதில் ஒரு பை கொண்டுபோனேன். அத்தான் ஓர் எழுத்தை எடுத்துப் பல்லால் கடித்துப் பார்த்து, "முறுக்கா இருக்கு மாப்ள. மூக்கு நெறையாது" என்று தள்ளிவிட்டார். அவர் சொன்னது எனக்கு ரோஷமாகப் போய்விட்டது. எங்களிடம் கழிவுத் தாள் எடுக்க வருகிற பழைய இரும்புக் கடைக்காரரைப் பிடித்து, பூமிக்கடியில் போட்டிருந்த பழைய டெலிபோன் கேபிளின் ஈய உறையை வாங்கிக் கொடுத்தேன். அதையும் கடித்துப் பார்த்தார். பல் பதிந்தது. "மாப்ள கொண்டாந்தது வெண்ணெ மாதிரில்ல இருக்கு" என்றார். அந்த ஒரு பாராட்டுக்காக, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தேதித் தாள் கட்டுக்கு நடுவில் வைத்துத்தான் கொண்டுபோவேன். அது அவர் சொன்ன யோசனை. "ஒங்க அக்காவுக்குத் தெரிய வேணாம். பழைய குப்பையெல்லாம் வீட்டுக்குள்ள வருதும்பா" என்றார். அக்கா கட்டை வாங்கி வைத்துவிட்டு, "என்னலே இம்புட்டு கனம் கனக்கு?" என்பாள். நான் சிரித்துக்கொண்டே காப்பி கேட்பேன்.

அச்சில் போடுவதற்கு முன்னால் ஈயத்தை உருக்கிச் சின்னத் துண்டுகளாக வார்க்க வேண்டும். அதைச் செய்வது சமையல்கட்டில். கொல்லையில் காற்று அடித்து அடுப்பு நிற்காது என்பார். தீபாவளி முடிந்து கம்பெனி அடைத்திருக்கிற மழை நாட்களில்தான் நிறைய நேரம் கிடைக்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு ஒரு பழைய இரும்புச் சட்டியை வைத்து உருக்குவார். அக்கா சண்டை போடாமல் இல்லை.

"சோறாக்குற அடுப்புல இதென்ன கருமம்? நாத்தம் கொடலப் புடுங்குது."

"ஈயம் என்ன வெடிக்கவா போகுது?" என்பார்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விடுவாள். அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் ஆபத்து என்றால் வெடிப்பதுதான். வெடிக்காத எதுவும் எங்களைக் கொல்லும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சின்ன வயதிலிருந்து சத்தத்துக்குத்தான் பயந்து வளர்ந்திருக்கிறோம். சத்தமே இல்லாமல் கிடக்கிற ஒரு பொருளைக் கண்டு பயப்பட எங்களுக்குத் தெரியாது. அத்தான் போர்மேன் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கியவர். உராய்வு, சூடு, மின்னல் என்று எது கேட்டாலும் ஒப்பிப்பார். அவருக்கும் தெரியவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஈய எழுத்துக் கோக்கிறவர்கள் நாலைந்து பேர் மிச்சம் இருந்தார்கள். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவாமல் டீ கிளாஸைக்கூடத் தொட மாட்டார்கள். மை போவதற்காகக் கழுவுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஒரு தடவையாவது ஏன் என்று கேட்டிருக்கலாம்.

தட்டை மூக்கில் ஒரு தொல்லை இருந்தது. பஞ்ச்சுக்கும் அச்சுக்கும் நடுவில் ஈயம் கசிந்து, மூக்கின் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். அது இருந்தால் குண்டு நேராகப் போகாது. பூதக்கண்ணாடியில் பார்த்தாலும் சிலது தெரியாது. விரலால் தடவினால் தெரியாது. அவர் விரல்கள் காய்ப்பு ஏறியவை. அப்புறம் கீழுதட்டில் வைத்து உருட்டிப் பார்க்கத் தொடங்கினார். அதில் தெரிந்தது. ஆனாலும், "மீச கெடுக்குது மாப்ள" என்று குறைப்பட்டுக்கொண்டார்.

பாப்பாவுக்கு அப்போது நாலு வயது. அப்பா குளித்துவிட்டு வந்ததும் மடியில் ஏறிவிடும். அப்பா செய்வதைப் பார்த்து, அவர் நல்லது என்று ஒதுக்கி வைத்த ஒரு குண்டை எடுத்துத் தன் உதட்டில் உருட்டியது. "குத்துது" என்றது. அத்தான் வாங்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பிசிறு இருந்தது.

"மாப்ள! இங்கன வா! இதப் பாரு!" என்று கூவினார். இன்னும் நாலைந்து கொடுத்துச் சோதித்தார். பாப்பா ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. "எம் பொண்ணு ஒதட்டுக்கு முன்னால மைக்ரோமீட்டரு பிச்சையெடுக்கணும்" என்று தலையில் வைத்துக் கொண்டாடினார். அவர் மனிதர்கள் யாரையும் இப்படிப் புகழ்ந்து நான் கேட்டதில்லை. பாப்பாவுக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. அன்றிலிருந்து அது பாப்பாவின் வேலை ஆகிவிட்டது. இரண்டு எவர்சில்வர் கிண்ணம் முன்னால் இருக்கும். ஒன்றில் நல்லது, ஒன்றில் பிசிறு. சாயங்காலம் ஒரு மணி நேரம் அப்பாவும் பெண்ணும் உட்கார்ந்து பார்ப்பார்கள். சில சமயம் உதட்டோடு நிற்காது. பாப்பா அப்பா மாதிரியே கடித்தும் பார்க்கும். நான் அதைச் செல்போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினேன். எல்லோரும் கை தட்டுகிற பொம்மையைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஐந்து வயதில் பாப்பா மெலியத் தொடங்கியது. சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கும். பூச்சி இருக்கும் என்று மருந்து கொடுத்தோம். திருஷ்டி கழித்தோம். முகம் வெளுத்திருக்கிறது என்று உள்ளூர் டாக்டர் இரும்புச் சத்து டானிக் எழுதினார். ஒன்றாம் வகுப்பு டீச்சர் அக்காவைக் கூப்பிட்டு, "போன மாசம் சொன்ன பாட்டெல்லாம் மறந்துட்டா. கூப்பிட்டா திரும்பிப் பாக்கவே நேரமாகுது. காது கேக்குதானு பாருங்க" என்றார். காதைச் சோதித்தோம். காது நன்றாக இருந்தது. நேர்ந்துகொண்டு மொட்டை போட்டோம். அந்த நாட்களிலும் சாயங்காலம் கிண்ணம் இரண்டும் முன்னால் வந்துவிடும். குழந்தை சந்தோஷமாக உட்காருகிற ஒரே நேரம் அதுதான் என்று அக்காவே எடுத்து வைப்பாள்.

ஒருநாள் வகுப்பிலேயே வலிப்பு வந்தது. மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சின்ன வயது டாக்டரம்மா. அக்கா பாப்பாவை மடியில் வைத்திருந்தாள். நானும் அத்தானும் பக்கத்தில்.

"அப்பா என்ன வேலை பாக்குறீங்க?"

"பட்டாசுக் கம்பெனியில போர்மேன் மேடம்." அடுத்த கேள்வி வருவதற்குள் அவரே சொன்னார். "ஆனா மருந்து எங்க வீட்டு வாசப்படி தாண்டுனதில்ல. குளிச்சுட்டுத்தான் பிள்ளையத் தொடுவேன். யாருகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க."

டாக்டரம்மா பாப்பாவின் உதட்டைத் தூக்கி ஈறை விளக்கடித்துப் பார்த்தார். "மண்ணு, சுவத்துப் பெயிண்டு, இந்த மாதிரி எதையாவது வாயில வைப்பாளா?"

"அந்தப் பழக்கமெல்லாம் கெடையாதுங்க" என்றாள் அக்கா.

பாப்பா தானாகச் சொன்னது. "குண்டு வைப்பேன்."

"என்ன குண்டு?"

பாப்பா ஒரு விரலைக் கீழுதட்டில் வைத்து உருட்டிக் காட்டியது. "அப்பாக்கு. நல்லது ஒரு கிண்ணத்துல, பிசிறு ஒரு கிண்ணத்துல."

டாக்டரம்மா நிமிர்ந்து அத்தானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. அத்தான் அதைக் கண்டுகொண்டார். கேட்டில் பயந்துபோய் நிற்கிற புதுப் பெண்களைத் தேற்றுகிற அதே குரலில் சொன்னார்.

"பயப்படாதீங்க மேடம். வெறும் ஈயம்தான். வெடிக்காது."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். ரெண்டு வருஷமாக என்றார் அத்தான். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஈயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டுவிடக் கூடாது என்பதுதான் அந்த நேரத்தில் எனக்கு இருந்த ஒரே கவலை. குழந்தையைப் பற்றிய கவலை அதற்குப் பின்னால்தான் வந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. பரிசோதனைத் தாளில் அந்த எண்ணை டாக்டரம்மா இரண்டு தடவை வட்டம் போட்டார். மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். "ரத்தத்துல இருக்குறத எடுத்துரலாம். மூளைக்குப் போய்ச் சேந்ததுக்கு நான் வாக்கு குடுக்க முடியாது" என்று அக்காவிடம் சொன்னார். அக்கா அழவில்லை. ஊருக்கு ஒரு நாள் வந்து, அடுப்பு, பாத்திரம், பாய் என்று சமையல்கட்டில் இருந்த எல்லாவற்றையும் தெருவில் போட்டுவிட்டுத் திரும்ப மதுரைக்கு வந்தாள்.

அத்தான் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். கம்பெனிக்குப் போகவில்லை. மூன்றாவது நாள் நான் சாப்பாடு வாங்கிக்கொண்டு போனபோது ஸ்கேன் உறையின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தார். பார்த்தேன். கூர் மூக்கு, உருண்டை மூக்கு, தட்டை மூக்கு.

"மாப்ள, இங்கன பாரு" என்றார். "தட்டைக்கு மாறுனதுதான் தப்பாப்போச்சு. கூர் மூக்குலயே நின்னுருந்தா விளிம்பே கெடையாது. விளிம்பு இல்லேன்னா பிசிறு எங்கன வரும்? பிசிறு இல்லேன்னா ஒதட்டுல வைக்கிற வேலையே இல்ல. நான் மூக்கத் தப்பா எடுத்துட்டேன்."

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. துடைக்காமல் தட்டை மூக்கின் விளிம்பைப் பேனாவால் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே இருந்தார். உறை கிழிந்துவிட்டது. அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று எனக்கு வெறி வந்தது. உள்ளே ஒரு குழந்தை தன் பெயரைச் சொல்லத் திணறிக்கொண்டிருக்கிறது, இந்த மனுஷன் இன்னமும் நுனியைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று பற்றி எரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அவர் என்னைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை கேட்டுவிட முடியும். அதனால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

பாப்பா வீட்டுக்கு வந்த மறு வாரம் அக்கா அவரைவிட்டுக் கிளம்பிவிட்டாள். எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. என் வீடு இருக்கிறதே என்று நான்தான் வேன் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டு பெட்டி, துணி மூட்டை, பாப்பாவின் மருந்துப் பை. அத்தான் வாசலில் நின்றார். தெருவில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். அக்கா வேனில் ஏறப் போனவள் இறங்கித் திரும்பி வந்தாள். குனிந்து தெருமண்ணை ஒரு கை அள்ளினாள்.

"ஒங்களுக்குத் தெரியல, சரி. தெரியாமத்தான் செஞ்சீக, ஒத்துக்கிடுதேன். ஆனா இந்த ஈயத்த ஒங்களுக்குத் தூக்கிக் குடுத்தவன் ஒருத்தன் இருப்பான்ல? அவன் யாருனு சொல்லுங்க. அவன் வாசல்ல இந்த மண்ண வாரித் தூத்திட்டுத்தான் நான் போவேன். அவன் வம்சம் வெளங்கக் கூடாது."

நான் மருந்துப் பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சொல்ல அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொன்னால் பழியில் பாதியாவது அவர் தலையிலிருந்து இறங்கும்; ஒருவேளை அக்கா என் வீட்டுக்கு வராமல் அங்கேயே இருந்திருக்கவும் கூடும்.

"யாரும் குடுக்கல" என்றார். "பழைய இரும்புக் கடையில நானாப் போயி வாங்குனது."

அக்கா கையிலிருந்த மண்ணை அவருடைய வாசலிலேயே வீசிவிட்டு வேனில் ஏறினாள்.

ஐந்து வருஷம் ஆகிறது. அவர் அதே கம்பெனியில்தான் இருக்கிறார், அதே கேட்டில் நிற்கிறார். எப்போதாவது எங்கள் அச்சகத்துக்கு வருவார். உள்ளே வர மாட்டார், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் நின்று, "எழுத்துக் கூட்டுறாளா?" என்று மட்டும் கேட்பார். கூட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை என்பதால் ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். பாதி வாக்கியத்தில் சொல் தொலைந்துபோய் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான், "பரவாயில்ல அத்தான்" என்பேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அவர் ஒரு தடவையாவது என்னைத் திட்டினால் எனக்கு மூச்சு வரும். அந்தத் தயவை மட்டும் அவர் செய்ய மாட்டேன் என்கிறார். அதற்காக அவரை நான் வெறுக்கிறேன்.

அக்கா தெருவில் யாரைப் பார்த்தாலும் சொல்கிறாள்: "எந் தம்பி மட்டும் இல்லேன்னா நானும் எம் புள்ளையும் நடுத்தெருவுலதான் நின்னுருப்போம்." மத்தியானம் நான் சாப்பிட வந்தால் முதலில் எனக்குத்தான் இலை போடுகிறாள். "வேலைக்குப் போற புள்ள, இன்னுங் கொஞ்சம் போட்டுக்கலே" என்று கறியை ஒதுக்கி என் பக்கம் தள்ளுகிறாள். நான் போட்டுக்கொள்கிறேன்.